ஏற்காட்டுல புதுசா தோட்டம் வாங்கினவங்களுக்கு: குளிர்கால மழை, மேகம், மூடுபனி, வானிலை அறிக்கை படிக்கிற வழி

ஏற்காட்டுல சின்னதா ஒரு காபித் தோட்டம் வாங்கியிருக்கீங்க, இல்ல குத்தகைக்கு எடுத்திருக்கீங்க, இல்ல ஹோம்ஸ்டே போடலாம்னு வீடு பிடிச்சிருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் இங்க பழம் எடுக்கிற சீசன், அதே மாசங்கள்லதான் வடகிழக்குப் பருவமழையோட பின்பாதியும், பனியும், மூடுபனியும், நினைச்ச நேரத்துக்கு வர்ற தூத்தலும். போன்ல வெயில் படம் போட்டிருக்கும், களத்துல பார்ச்மென்ட் (பழத்தோலை எடுத்துட்டு ஓட்டோட காயப்போடற காபிக்கொட்டை) நனைஞ்சுட்டு இருக்கும். நான் வந்த புதுசுல இதை யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தர் எறும்பைப் பாருங்கன்னார், இன்னொருத்தர் யூடியூப் பாருங்கன்னார், காயப்போட்டதை அள்ளறதும் மூடறதும் மறுபடி பிரிக்கிறதுமா கூலி போனதுதான் மிச்சம், ஆளுங்களும் நொந்து போயிட்டாங்க. அடுத்து வர்றவங்களாவது அந்தப் பாடு படாம இருக்கட்டும்னு வரிசையா எழுதறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், வானிலை ஆய்வு மையத்தைத் திட்டாதீங்க. அவங்க மாவட்டத்துக்கு எழுதறாங்க, நாம இருக்கிறது மேகம் வந்து உட்கார்ற உயரத்துல. அந்த வித்தியாசத்தை நாமதான் கூட்டிக் கழிச்சுக்கணும்.

1. ஆப் எந்த ஊரைக் காட்டுதுன்னு முதல்ல பாருங்க

சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி, சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,600-ஐயும் தாண்டும். நடுவுல 1,200 மீட்டர் வித்தியாசம். உயரம் ஏற ஏற கிலோமீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும்னு வெச்சா கீழ 28 இருக்கறப்ப மேல 20, 21தான். போன்ல 'சேலம்'னு இருந்தா அது உங்களுக்கு உதவாது, பலருக்கு டவர் எங்கயோ கீழ பிடிச்சு ஊர் தானா சேலம்னு மாறிடும், அதைக் கவனிக்காமலே மாசக்கணக்குல பார்த்துட்டு இருப்பாங்க.

ஊர் பேரை டைப் பண்ணாம மேப்ல உங்க தோட்டத்து மேல விரலை வெச்சு பின் போட்டு சேவ் பண்ணுங்க. அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. ஆப்ல வர்ற கணக்கு கம்ப்யூட்டர் மாடல்ல இருந்து வருது, நல்ல மாடல்னு எல்லாரும் சொல்ற ஐரோப்பிய மாடலே பூமியை 9 கி.மீ கட்டம் கட்டமா பிரிச்சுதான் பார்க்குது. நம்ம மலை மொத்தமே சில கட்டம்தான், அதுல உச்சியும் பள்ளமும் சேர்ந்து சராசரியாகி மலை மொட்டையாகிடும். அதனால மாடலுக்குத் தெரியற ஏற்காடு நிஜ ஏற்காட்டை விடத் தாழ்வானது, சூடானது, காய்ஞ்சது. சில ஆப்ல மாடல் எடுத்துக்கிட்ட உயரத்தையும் போடுவாங்க, அது 900, 1,000-னு இருந்தா அந்த வெப்பநிலையில இன்னும் மூணு டிகிரியாவது கழிச்சுக்கோங்க, ஈரப்பதத்தைக் கூட்டிக்கோங்க.

2. எதைப் பார்க்கணும், எப்ப பார்க்கணும், என்ன செலவு

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். இந்திய வானிலைத் துறையோட 'மவுசம்' ஆப், விவசாயத்துக்கு 'மேகதூத்', இடி மின்னலுக்கு 'தாமினி', எல்லாம் இலவசம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தோட வெப்சைட்ல தமிழ்லயே அறிக்கை வருது, மாவட்ட வாரியான எச்சரிக்கையும் இருக்கு. இது கூட காத்தை அசையற கோடா காட்டற 'விண்டி' வெச்சுக்கோங்க, அதுலயும் இலவசமா கிடைக்கிறதே போதும், ப்ரீமியம் கட்டினா மலை ஒண்ணும் மாறிடாது.

நேரம்தான் முக்கியம். மண்டல மையத்தோட அன்றாட அறிக்கையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பாருங்க, அடுத்த நாள் பிரிக்கிறதா வேண்டாமான்னு ஆளுங்ககிட்ட சொல்ல அதுவே சரியான நேரம். ஐரோப்பிய மாடல் நம்ம நேரத்துக்கு மதியம் ஒரு மணி சுமாருக்குப் புதுசாகும், ராத்திரி ஒரு மணி சுமாருக்கு மறுபடி. ஆக, காலையில அஞ்சரைக்கு எழுந்து பார்க்கறது ராத்திரி வந்த கணக்கு, அது ஓகே. ஆனா காலையில பதினொரு மணிக்கு பார்த்துட்டு "இப்பதான் பார்த்தேன்"னு சொன்னீங்கன்னா நீங்க பார்த்தது பழசு. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா 'நவ்காஸ்ட்'னு ஒரு உடனடி எச்சரிக்கை வரும், அக்டோபர் இடிமழைக்கு அது ரொம்ப உதவும், மார்கழித் தூத்தலுக்கு அவ்வளவா உதவாது.

நிறைய பேர் விழற குழி ஒண்ணு: சாட்டிலைட் படத்துலயும் சில மாடல் படத்துலயும் நேரம் 'யூடிசி'னு, அதாவது உலகப் பொது நேரத்துல, போட்டிருக்கும். அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டினாதான் நம்ம நேரம். 09:00 யூடிசின்னா மதியம் ரெண்டரை. இதைத் தெரியாம காலை மேகம்னு மதிய மேகத்தைப் பார்த்துட்டு குழம்பறவங்க ஏராளம்.

3. அறிக்கையில வர்ற வார்த்தைக்கெல்லாம் அளவு இருக்கு

'லேசான மழை', 'ஓரிரு இடங்கள்' இதெல்லாம் சும்மா எழுதற வார்த்தை இல்ல, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. ஒரு நாளைக்கு 2.5 மி.மீ-ல இருந்து 15.5 வரைக்கும் லேசான மழை, 64.4 வரைக்கும் மிதமான மழை, அதுக்கு மேல 115.5 வரைக்கும் கனமழை, 204.4 வரைக்கும் மிக கனமழை, அதையும் தாண்டினா அதிகனமழை. செய்தியில செ.மீ-ல சொல்றப்ப 7-ல இருந்து 11 கனமழை, 12-ல இருந்து 20 மிக கனமழைன்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

இடத்துக்கும் அப்படித்தான். 'ஓரிரு இடங்களில்'னா அந்தப் பகுதியில இருக்கிற மழைமானி நிலையங்கள்ல கால்வாசி வரைக்கும் மழை பெய்யலாம், 'ஒருசில இடங்கள்'னா பாதி வரைக்கும், 'அநேக இடங்கள்'னா முக்கால் வரைக்கும், 'பெரும்பாலான இடங்கள்'னா அதுக்கும் மேல. சமவெளியில இருக்கறவங்க 'ஓரிரு இடங்களில்'னு வந்தா கண்டுக்க மாட்டாங்க. கீழக்காத்து, அதாவது கிழக்குல இருந்து வர்ற காத்து, ஓடற நாள்ல அந்த ஓரிரு இடத்துல ஒண்ணு நம்ம மலையா இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா ஈரக்காத்து முட்டி மேல ஏற இங்கதான் மலை இருக்கு.

இப்ப மிச்ச கணக்கைப் பாருங்க. 2.5 மி.மீ-க்கு கீழ பெய்ஞ்சா அதை 'மழை நாள்'னே எண்ண மாட்டாங்க. களத்துல கிடக்கிற காபிக்கு அரை மி.மீ தூத்தல் போதும், நாலு நாள் காய்ஞ்சது பழையபடி ஆயிடும். அறிக்கையில 'வறண்ட வானிலை'னு இருந்து உங்க தோள்ல துண்டு நனைஞ்சிருந்தா ரெண்டுமே உண்மையா இருக்கலாம்.

ஆப்ல '60 சதவீதம் மழை'னு வர்றது 60 சதவீத நேரம் பெய்யும்னு இல்ல, 60 சதவீத இடத்துல பெய்யும்னும் இல்ல, பெய்யறதுக்கான வாய்ப்பு அவ்வளவு. எவ்வளவு பெய்யும்ங்கறது தனியா மி.மீ-ல இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்க.

அப்புறம் காலை எட்டரை. வானிலைத் துறைக்கு ஒரு நாள்னா காலை 8:30-ல இருந்து மறுநாள் காலை 8:30 வரைக்கும். டிசம்பர் 2-ஆம் தேதி மழைன்னு போட்டிருந்தா அதுல பெரும்பகுதி 1-ஆம் தேதி பெய்ஞ்சது. பின்னாடி காகிதம் கொடுக்கறப்ப இந்தத் தேதிக் குழப்பம் பெரிய தலைவலி ஆகும், 9-வது படியில சொல்றேன்.

கலர் எல்லாருக்கும் தெரியும், பச்சைன்னா எச்சரிக்கை இல்ல, மஞ்சள்னா கவனிச்சுட்டே இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னா உடனே நடவடிக்கை. சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு வந்தா நான் மேல ஏறவும் மாட்டேன், கீழ இறங்கவும் மாட்டேன், எங்க இருக்கேனோ அங்கயே.

4. மூடுபனி ரெண்டு ஜாதி, இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது

காலையில கதவைத் தொறந்தா வெள்ளையா இருக்கு, எதிர்ல இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியல. இது காய வெக்கிற நாளா இல்லையா? ரெண்டு விதமான வெள்ளை இருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், போற போக்கு நேர்மாறு.

முதல் ஜாதி, ராத்திரி வானம் தெளிவா இருந்து, காத்தே இல்லாம, தரை சூட்டை விட்டு குளிர்ந்து, அதை ஒட்டின காத்துல இருக்கிற ஈரம் பனியா நிக்கிறது. பள்ளத்துலயும் ஏரி பக்கத்துலயும்தான் கனமா இருக்கும், மேட்டுல இருக்காது. ஜனவரியில லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல இருந்து விடிகாலை கீழ பார்த்தீங்கன்னா சேலமே காணாம வெள்ளைக் கடலா கிடக்கும், நம்ம தலைக்கு மேல நீலவானம். அதுவும் இதே ஜாதிதான். சூரியன் ஏறினதும் எட்டரை ஒன்பதுக்குள்ள கலைஞ்சிடும், அன்னைக்கு அருமையான காய்ச்சல் வெயில். பயப்படாம ஆளுங்களை வரச் சொல்லுங்க.

ரெண்டாவது ஜாதி பனியே இல்ல, மேகம். கிழக்குல இருந்து, வடகிழக்குல இருந்து வர்ற ஈரக்காத்து கல்வராயன் மலையைத் தாண்டி நம்ம மலையில மோதி மேல ஏறறப்ப மேகமாகி தோட்டத்துக்குள்ளயே நடந்து வரும். இது மேட்டுலதான் கனமா இருக்கும், பள்ளத்துல மெலிசா இருக்கும், அதாவது முதல் ஜாதிக்குத் தலைகீழ். நகரும். இதுதான் அடையாளம். ஒரு மரத்தையே பார்த்துட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க, மரம் தெரியும் மறையும் தெரியும் மறையும்னா, வெள்ளை ஒரு திசையில ஓடிட்டு இருக்குன்னா, அது மேகம். இலையில இருந்து சொட்டு விழுந்துட்டே இருக்கும், புருவத்துல முடியில பொடிப்பொடியா நீர் நிக்கும், ஆனா மழைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் பெய்யாது. இது பத்து மணிக்கும் போகாது, சில சமயம் மூணு நாள் ஆனாலும் போகாது. அன்னைக்கு தார்பாயைத் தொடாதீங்க.

நான் தினமும் செய்யற சோதனை நாலு:

ராத்திரி படுக்கப் போறப்ப நட்சத்திரம் தெரிஞ்சுதா? தெரிஞ்சா முதல் ஜாதி.

காலையில ஊதுபத்தியோ அடுப்புப் புகையோ நேரா மேல போகுதா, சாயுதா? நேரா போனா முதல் ஜாதி. மேற்கு பக்கமா, தென்மேற்கு பக்கமா சாய்ஞ்சா ரெண்டாவது.

உயரமான இடத்துல, பகோடா பாயிண்ட் பக்கமோ கோயில் பக்கமோ இருக்கிற யாருக்காவது போன் போட்டு மேல தெளிவா இருக்கான்னு கேளுங்க. மேல தெளிவுன்னா முதல் ஜாதி.

ராத்திரிக்கும் காலைக்கும் எவ்வளவு குளிர் கூடியிருக்கு? நல்லா இறங்கியிருந்தா முதல் ஜாதி. மேகம் போர்த்தியிருந்த ராத்திரின்னா பெருசா இறங்கியிருக்காது.

நாலும் ஒரே பக்கம் சொன்னா யோசிக்கவே வேண்டாம். பிரிஞ்சு சொன்னா பத்து மணி வரைக்கும் பொறுங்க, அதுக்குள்ள தானா தெரிஞ்சிடும்.

முதல் ஜாதி நாள்லயும் ஒரு எச்சரிக்கை. நல்லா வெயில் அடிச்சா கீழ சூடான காத்து மலைச்சரிவு வழியா ஏறி மதியம் ஒரு மணி ரெண்டு மணிக்கு மேல உச்சியில மேகம் திரளும், சேலத்துல சுத்தமா வெயிலா இருக்கறப்பவே இங்க மசமசன்னு ஆயிடும். நம்பி காய வெக்கிற நேரம்னா காலை ஒன்பதுல இருந்து மதியம் ஒண்ணு வரைக்கும்தான், மிச்சமெல்லாம் போனஸ். நாலு மணிக்கு மேல குவிச்சு மூடிடுங்க, வானம் எவ்வளவு தெளிவா இருந்தாலும் சரி, தெளிவா இருந்தாதான் பனி ஜாஸ்தி இறங்கும். தார்பாயை நேரா காபி மேல போடாதீங்க, உள்பக்கம் வேர்த்து அந்த நீரே சொட்டி மேல் அடுக்கை நனைச்சிடும், முதல்ல சணல் சாக்கு, அதுக்கு மேல தார்பாய். காலையில பிரிக்கறப்ப தார்பாயைச் சுருட்டி எடுக்கணும், உதறினா மேல நிக்கிற பனித்தண்ணி அத்தனையும் குவியல்லதான் விழும்.

5. சேலத்து டியூ பாயின்ட்டை வெச்சு மேகம் எங்க உட்காரும்னு கணக்குப் போடலாம்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல, ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சதுல இருந்து தினமும் போடறேன். வெறும் பெருக்கல்தான்.

ஆப்ல சேலத்துக்கு (இந்த ஒரு தடவை மட்டும் சேலமேதான் வேணும்) மதிய வெப்பநிலையும் 'டியூ பாயின்ட்'டும் பாருங்க. டியூ பாயின்ட்ங்கறது காத்து எந்த அளவு குளிர்ந்தா அதுல இருக்கிற ஈரம் நீரா மாறும்ங்கற வெப்பநிலை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல பெருக்குங்க, வர்றது தரையில இருந்து மேகத்தோட அடிப்பகுதி வரைக்கும் மீட்டர். அதோட சேலத்து உயரம் 280-ஐக் கூட்டுங்க.

கார்த்திகையில ஒரு நாள் 28 டிகிரி, டியூ பாயின்ட் 21-னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 7, பெருக்கினா 875, கூட்டினா 1,155 மீட்டர். ஏற்காடு 1,500. அதாவது மலைப்பாதையிலயே, கொண்டை ஊசி வளைவுகளைப் பாதிக்கு மேல தாண்டினதும் மேகத்துக்குள்ள நுழைஞ்சுடுவீங்க, ஊர் முழுக்க மேகத்துக்குள்ள. மாசியில 32 டிகிரி, டியூ பாயின்ட் 14-னா வித்தியாசம் 18, மேக அடி 2,500-ஐத் தாண்டும், ஊருக்கு மேல கொஞ்சம் பஞ்சு மேகம் மிதக்கும், அவ்வளவுதான்.

சுருக்கமா வேணும்னா 10-ங்கற நம்பரை மனசுல வெச்சுக்கோங்க. சேலத்துல வித்தியாசம் 10-க்கு கீழன்னா ஏற்காடு மேகத்துக்குள்ள இருக்கும், 12, 13-க்கு மேலன்னா வெளிய இருக்கும். இது பகல்ல காத்து நல்லா கலந்திருக்கறப்ப மட்டும் சரியா வரும், விடிகாலை நம்பரைப் போட்டுப் பார்க்காதீங்க, எல்லா நாளும் மேகம்னு வரும். ஹோம்ஸ்டே நடத்தறவங்களுக்கு இது இன்னும் உபயோகம், "சார் நாளைக்கு வியூ தெரியுமா"ன்னு கெஸ்ட் கேக்கறப்ப ஓரளவு தைரியமா பதில் சொல்லலாம்.

6. வானத்துல பார்க்க வேண்டிய மேகங்கள்

புக்ல பத்து வகை இருக்கும், நமக்கு நாலு போதும்.

ரொம்ப உயரத்துல நார் நாரா வெள்ளைக் கீத்து. அது பனித்துகள் மேகம், தானா மழை தராது. ஆனா வங்கக் கடல்ல ஏதாவது உருவாகறப்ப அது வெளிய தள்ற மேகம்தான் முதல்ல நம்ம தலைக்கு மேல வரும். கிழக்குல இருந்து நேரம் ஆக ஆக அடர்த்தியாகிட்டே வந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல நிலைமை மாறலாம்னு கடல் பக்கம் கவனிங்க.

வானம் முழுக்க பால் ஊத்தின மாதிரி வெளுத்து, நிலாவைச் சுத்தி பெரிய வட்டம். ஊர்ல நிலா கோட்டை கட்டியிருக்குன்னு சொல்லுவாங்க, "எட்டக் கோட்டை கட்டினா கிட்ட மழை"ன்னு பெரியவங்க சொல்றதுல விஷயம் இருக்கு. உயரத்து மேகத்துல இருக்கிற பனிப்படிகத்துல ஒளி வளையறதால பெரிய வட்டம் வருது, அந்த மேகம் பல நேரம் மழை மேகத்துக்கு முன்னாடி வர்றது. நிலாவை ஒட்டி சின்னதா கலர் வளையம் தெரியறது வேற, அது மெல்லிசான நீர்த்துளி மேகம், அதுக்கு அலற வேண்டாம்.

சாம்பல் நிறத்துல ஒரே தளமா தாழ இருக்கிற மேகம். ஓரமே தெரியாது, நிழலே விழாது. கீழக்காத்தோட வர்ற இதுதான் மார்கழி தூத்தலுக்குக் காரணம், இடியும் மின்னலும் இல்லாம நாள் பூரா நசநசன்னு இருக்கும். காபிக்காரங்களுக்கு உண்மையான எதிரி இதுதான், கருமேகம் இல்ல.

நாலாவது காலிஃபிளவர் மாதிரி மேல மேல வளர்ந்து உச்சி தட்டையாகிற இடிமேகம். அக்டோபர்லயும் நவம்பர் ஆரம்பத்துலயும் சாயங்காலத்துல வரும், ஒரு மணி நேரத்துல ஊத்திட்டுப் போயிடும். மின்னல்தான் இதுல ஆபத்து. தாமினி ஆப் 20 கி.மீ, 40 கி.மீ சுத்துல மின்னல் விழறதைக் காட்டும், அலர்ட் வந்தா பழம் பறிக்கிற ஆளுங்களை சில்வர் ஓக் அடியில நிக்க விடாதீங்க, கட்டடத்துக்குள்ள கூப்பிடுங்க. இதுல தயவுதாட்சண்யமே வேண்டாம், கூலி நேரம் போகுதேன்னு பார்க்காதீங்க.

7. ரேடார், சாட்டிலைட் படம் பார்க்கறப்ப

காரைக்கால் ரேடார்ல இருந்து நம்ம பக்கம் ஏறத்தாழ 200 கி.மீ. பூமி உருண்டை, ரேடார் கதிர் கொஞ்சம் மேல் நோக்கிப் போகுது, அவ்வளவு தூரம் வர்றப்ப ஏறத்தாழ 4 கி.மீ உயரத்துல இருக்கும். இடிமேகம் அதை விட உயரம், அதனால தெரியும். தோட்டத்துக்குள்ள தவழற தூத்தல் மேகம் அதுக்கு ரொம்பக் கீழ, தெரியாது. ரேடார்ல ஒண்ணுமே இல்லைன்னு பார்த்துட்டு தார்பாயைப் பிரிக்காதீங்க, ரேடார் சுத்தமா இருந்தா இடிமழை இல்லன்னு மட்டும்தான் அர்த்தம்.

சாட்டிலைட்லயும் ராத்திரி படம் வெப்பத்தை வெச்சு எடுக்கறது. தாழ்ந்த மேகமும் தரையும் கிட்டத்தட்ட ஒரே சூடு, அதனால அது மங்கலா, இல்லாத மாதிரியே இருக்கும். விடிஞ்சப்புறம் வர்ற 'விசிபிள்' படத்துல பளிச்சுன்னு தெரியும். காலை ஏழரை எட்டு மணி படத்தைப் பாருங்க, நாமக்கல், ஆத்தூர் பக்கமெல்லாம் சேர்த்து வெள்ளையா மூடியிருந்தா இன்னைக்கு விடாது, திட்டுத்திட்டா இருந்தா விடும்.

8. "புயல் கரையைக் கடந்தாச்சு"ன்னா நமக்கு அப்பத்தான் ஆரம்பம்

சென்னை டிவி சேனல்ல புயல் கரையைக் கடந்ததும் செய்தி முடிஞ்சு போயிடும். நமக்கு முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு, அதுக்கு அப்புறம் வலு குறைஞ்சு மெதுவா உள்ள நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்னு கொட்டித் தீர்த்துச்சு. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ, ஏற்காட்டுல 20 செ.மீ-க்கு மேல. மலைப்பாதையில மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம். புயலோட வேகத்தை விட அது எவ்வளவு மெதுவா நகருதுங்கறதுதான் மழையை முடிவு பண்ணும்.

அதனால பெயருக்கு மயங்காதீங்க. காத்து மணிக்கு 31-ல இருந்து 49 கி.மீ வரைக்கும் இருந்தா தாழ்வு மண்டலம், 50-61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ல இருந்து புயல். இந்தப் பேரெல்லாம் காத்து வேகத்துக்கு. மழைக்கு இல்ல. புயல் வலுவிழந்துடுச்சுன்னா காத்து குறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம். பாதை வட தமிழ்நாட்டு உள்மாவட்டம் வழியா மேற்கு நோக்கின்னு போட்டிருந்தா, கரையைக் கடந்த நேரத்துல இருந்து ரெண்டு நாளுக்கு நான் பழம் பறிக்கச் சொல்ல மாட்டேன், பல்ப் பண்ணவும் (பழத்தோலை உரிக்கவும்) மாட்டேன், ஏன்னா பல்ப் பண்ணின காபியை நிறுத்தி வெக்க முடியாது.

இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதைக்கு மாத்து வழி குப்பனூர் ரோடு, அதுலயும் கனமழையில கல் உருளும், ரெண்டையும் நம்பிப் புறப்படாதீங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. அரிசி, மருந்து, ஜெனரேட்டருக்கு டீசல், போன் சார்ஜ், இதெல்லாம் ஆரஞ்சு வந்த அன்னைக்கே. மேகத்துக்குள்ள வண்டி ஓட்டறப்ப ஹை பீம் போட்டா எதிர்ல வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் மட்டும்.

9. சொந்த மழைமானி, நோட்டு, செலவு

பிளாஸ்டிக் மழைமானி ஆன்லைன்ல சில நூறு ரூபாய்தான். வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணும் அதே விலைக்குள்ள கிடைக்கும். கனமான தார்பாய்தான் பெரிய செலவு, 18-க்கு 24 அடி நல்ல ஜிஎஸ்எம்ல (தடிமன் கணக்கு) ஒண்ணு ரெண்டாயிரத்தை ஒட்டி வரும், மெலிசு வாங்கினா ஒரு சீசன்ல கிழிஞ்சிடும், அதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஈரப்பத அளவுமானி, அதாவது காபிப் பருப்புக்குள்ள எவ்வளவு ஈரம்னு காட்டறது, விலை ஜாஸ்தி, சின்னத் தோட்டத்துக்காரங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. காபி வாரியம் சொல்ற கணக்கு பார்ச்மென்ட் 10 சதவீதம், அராபிகா செர்ரி (தோலோட முழுசா காயவெக்கிற பழம்) 10.5. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல நிக்கிற நாள்ல காய்ஞ்ச காபியைத் திறந்து வெச்சா அது திரும்ப ஈரம் இழுக்கும், அந்த டிஜிட்டல் மீட்டரை களத்துல ஒண்ணு, ஸ்டோர்ல ஒண்ணுன்னு மாட்டுங்க.

மழைமானியை மரத்தடியில, கூரை ஓரத்துல வெக்காதீங்க. பக்கத்துல இருக்கிற மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி வெக்கணும், வாய் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல மட்டமா இருக்கணும். காபித் தோட்டத்துல நிழல் மரத்துக்கு நடுவுல இப்படி இடம் கிடைக்கிறது கஷ்டம், களத்தோட ஒரு மூலைதான் பெரும்பாலும் சரிப்படும். தினமும் காலை 8:30-க்கு அளந்து நோட்டுல எழுதுங்க, தேதி, மி.மீ, காத்து திசை, மேகமா பனியா, களம் பிரிச்சோமா. 1 மி.மீன்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. மழை இல்லாத நாளும் 0-னு எழுதணும், எழுதாம விட்டா அது மழை இல்லையா, அளக்கலையான்னு பின்னாடி யாருக்கும் தெரியாது.

இந்த நோட்டு காகித வேலைக்கும் ஆகும். கீழ சமவெளியில மரவள்ளி, வெங்காயம், மஞ்சள், வாழைன்னு நிலம் வெச்சிருக்கறவங்க பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல உங்க பிர்காவுக்கு உங்க பயிர் அறிவிக்கப்பட்டிருக்கான்னு வேளாண்மை, தோட்டக்கலை ஆபீஸ்ல முன்னாடியே கேளுங்க. ஆண்டுப் பயிரான வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் அதிகபட்சம் காப்பீட்டுத் தொகையில 5 சதவீதம். சேர கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும், கடைசி நாள் சர்வர் தொங்கும், ஒரு வாரம் முன்னாடியே முடிச்சுடுங்க. ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, விஏஓ கிட்ட இருந்து அடங்கல். சிட்டாவுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் இனிஷியல் உட்பட ஒத்து வரணும், இல்லன்னா அங்கயே நிக்கும்.

வயல்ல தண்ணி நின்னு சேதம்னா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும், ஹெல்ப்லைன் 14447. அறுத்துக் காயப் போட்ட விளைச்சலுக்கும் புயல் மழை, பருவம் தப்பின மழைக்கு அறுவடையில இருந்து 14 நாள் வரைக்கும் அறிவிச்ச பயிர்களுக்கு இடம் இருக்கு. தேதியும் இடமும் பதியற மாதிரி போட்டோ எடுங்க. 72 மணி நேரம் சேதம் நடந்த நேரத்துல இருந்து எண்ணறது, நீங்க பார்த்த நேரத்துல இருந்து இல்ல, இங்கதான் அந்த எட்டரை மணிக் குழப்பம் வரும்: ராத்திரி பதினொரு மணிக்குப் பெய்ஞ்சது மறுநாள் தேதி மழையா ரெக்கார்டுல இருக்கும், உங்க மனுவுல ரெண்டு தேதியையும் போட்டு, "1-ஆம் தேதி இரவு பெய்து 2-ஆம் தேதி காலை பதிவான மழை"ன்னு தெளிவா எழுதுங்க. காபிக்கு இந்தத் திட்டம் வரும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க, ஏற்காட்டுல இருக்கிற காபி வாரிய ஆபீஸ்ல நேர்ல போய் இந்த வருஷம் என்ன இருக்குன்னு கேட்டுடுங்க.

10. தை, மாசியில வர்ற மழை

பொங்கலுக்கு அப்புறம் பனி தெளிஞ்சு நல்ல காய்ச்சல் கிடைக்கும், பெரும்பாலான காபியும் மிளகும் இந்த வெயில்லதான் காயும். நடுவுல எப்பவாவது கீழக்காத்துல ஒரு மழை வரும். அது களத்துக்கும் கெடுதல், செடிக்கும் அளவைப் பொறுத்து கெடுதல். மொட்டு விட்டிருக்கிற செடிக்கு பூ மழை 25 மி.மீ-க்குக் குறையாம ஒரே மூச்சுல கிடைச்சாதான் பூ ஒண்ணா வெடிக்கும், அஞ்சு பத்து மி.மீ மட்டும் பெய்ஞ்சு நின்னுட்டா மொட்டு பாதி விரிஞ்சு கருகும். அப்ப உங்க மழைமானி 8 மி.மீ காட்டுதா 22 காட்டுதாங்கறதை வெச்சுதான் ஸ்பிரிங்க்ளர் போட்டு மிச்சத்தை ஈடு கட்டறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும், அதுவும் உடனே, ரெண்டு மூணு நாளுக்குள்ள. ஏற்காடு டவுன்ல எவ்வளவுன்னு கேட்டு முடிவெடுக்காதீங்க, நாகலூர்ல பெய்ஞ்சது மஞ்சக்குட்டையில பெய்ஞ்சிருக்காது. மோட்டாரும் குழாயும் சரியா இருக்கான்னு தை மாசமே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வெச்சுடுங்க.